அம்மா கேட்ட காலை டியூட்டி

மற்ற வீடுகளில் சண்டை வருவதற்கு ஏதாவது காரணம் தேட வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் அந்தச் சிரமமே கிடையாது. சனிக்கிழமை தவறாமல் அம்மா வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அடுத்த வாரத்து டியூட்டி லிஸ்ட்டை ஒட்டிவிடுவார்கள். அதில் அம்மா பெயருக்கு நேரே காலை என்றிருந்தால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் மீன் குழம்பு கொதிக்கும், அப்பா ஷேவ் செய்துகொண்டே பாட்டுப் பாடுவார். மத்தியானம் என்றோ நைட் என்றோ இருந்துவிட்டால் போச்சு. அதே மீன், அதே குழம்பு, ஆனால் சாப்பிடுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. தாராவியில் ஒரே அறை கொண்ட வீடு. எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஏழு மாதம். அப்பா பாண்டுப்பில் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். மூன்று மணிக்கு உள்ளே போனால் பதினொன்றுக்குத்தான் வெளியே வருவார். தம்பி பிறந்ததும், கூட வேலை செய்த ஒரு மராட்டிக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்த ஷிஃப்டையே தனக்கு நிரந்தரமாக்கிக்கொண்டார், காலையில் பிள்ளையோடு இருக்கலாம் என்று. அம்மா நர்ஸ். திருநெல்வேலிப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் படித்தவள். பம்பாயில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை. நாளெல்லாம் யார் யார் பிள்ளைகளையோ குளிப்பாட்டித் துடைத்துத் துணி சுற்றிக் கொடுத்துவிட்டு, தன் பிள்ளையைத் தொட ரயிலேறி வருவாள்.

ஆகவே எங்கள் வீட்டுக் கணக்கு மிக எளிது. அம்மாவுக்குக் காலை ஏழு முதல் இரண்டு வரை டியூட்டி இருந்தால் பிள்ளை பிழைத்தது. மத்தியான டியூட்டி வந்தால் அப்பாவும் இல்லை அம்மாவும் இல்லை. முன்பெல்லாம் அந்த வாரங்களில் பக்கத்து அறை அக்கா தம்பியைப் பார்த்துக்கொண்டாள். அவள் புருஷனோடு கல்யாண் ஊருக்குக் குடிபோன பிறகு, அம்மா மற்ற நர்சுகளின் கையைக் காலைப் பிடித்துக் காலை டியூட்டியாக மாற்றி வாங்கிக்கொண்டிருந்தாள். அதற்குப் பதிலாக அவர்களுக்குத் தன் ஞாயிற்றுக்கிழமை லீவுகளைக் கொடுத்தாள், கிறிஸ்துமஸைக் கூட முன்கூட்டியே கொடுத்துவிட்டாள். கொடுக்க இனி நாள் இல்லை என்று ஆனபோது, கோயிலில் பிரசங்கம் செய்யும் உபதேசியாரிடம் இங்கிலீஷில் ஒரு மனு எழுதி வாங்கி நர்சுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரனிடம் கொடுத்தாள். தம்பி நடக்கத் தொடங்கும்வரை தனக்குக் காலை டியூட்டி மட்டும் போடவேண்டும் என்று. மூன்று வாரமாயிற்று, பதிலில்லை.

இதற்கிடையில் குர்லாவிலிருந்து பெரியப்பா வந்தார். அவர் வந்தால் ஒரு தீர்ப்பு சொல்லாமல் போகமாட்டார்.

"ஏல, பிள்ளைய இப்பிடி ஆளாளுக்குக் கைமாத்திக் கைமாத்தி வச்சிருந்தா வெளங்குமா? அவ வேலைய விடட்டும். இல்லன்னா பிள்ளைய ஊருக்கு அனுப்பு. அவ தங்கச்சிதான் கேட்டுக்கிட்டே இருக்காள்லா?"

அம்மாவின் தங்கைக்குக் கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் பிள்ளையில்லை. அந்தச் சித்தி ஒவ்வொரு கடிதத்திலும் தம்பியைத் தன்னிடம் விடச் சொல்லி எழுதுவாள். அப்பா பெரியப்பாவை எதிர்த்துப் பேசிப் பழகியவர் இல்லை. இனி ஏதாவது ஏடாகூடம் ஆனால் பிள்ளை ஊருக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டார். அம்மா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். வேலையை விடுகிறேன் என்று அவள் சொல்லவே இல்லை. நான் அதை அன்றைக்கே கவனித்தேன், எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. வெள்ளைச் சேலை உடுத்தி, தலையில் தொப்பி குத்தி வேலைக்குப் போகிற அம்மா எங்கள் சந்திலேயே எனக்கு மட்டும்தான் இருந்தாள்.

இனி ஸ்டேஷன் விஷயம். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற ரயிலும் அப்பா பாண்டுப்புக்குப் போகிற ரயிலும் ஒன்றுதான். சயான் ஸ்டேஷனில் ரெண்டே இருபத்தேழுக்கு வரும். அம்மா லேடீஸ் பெட்டியிலிருந்து இறங்கிக் கருப்புக் குடையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவாள். அதைப் பார்த்ததும் அப்பா தம்பியை என் கையில் கொடுத்துவிட்டு முன்பெட்டியில் தொற்றிக்கொள்வார். ரயில் நிற்பது அரை நிமிஷம். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அம்மா என்னிடம் வந்து சேர்வதற்குள் அப்பா குர்லாவைப் பார்க்கப் போயிருப்பார். வாரத்தில் ஆறு நாள் என் அப்பாவும் அம்மாவும் பகல் வெளிச்சத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது அந்த அரை நிமிஷம்தான். காலைப் பள்ளிக்கூடம் முடிந்து வந்த நான்தான் இடையில் பாலம். எனக்கு அந்தப் பதவியில் தாங்கமுடியாத பெருமை. மேம்பாலப் படிக்குக் கீழே உள்ள பெஞ்சு என் இடம். அங்கிருந்து நகரக்கூடாது, பிள்ளையை யாரிடமும் கொடுக்கக்கூடாது. சட்டம் இரண்டே இரண்டு.

அந்த நாள் தூறலாக இருந்தது. ரயில் வந்தது. லேடீஸ் பெட்டியிலிருந்து வெள்ளைச் சேலை ஒன்று இறங்கிக் குடையை உயர்த்தியது. "அம்மா எறங்கிட்டாட்டி. கெட்டியாப் புடிச்சுக்கோ, நான் ஏறுதேன்" என்று சொல்லி அப்பா ஓடி ஏறிவிட்டார். ரயில் போயிற்று. குடை விரிந்தது. அதற்கடியில் இருந்தது வேறு யாரோ ஒரு பெண். மழைக்குக் குடை விரிக்கத்தான் கையைத் தூக்கியிருக்கிறாள். என்னைத் தாண்டி, என்னைப் பார்க்காமலே படியேறிப் போய்விட்டாள்.

அடுத்த ரயிலில் வருவாள் என்று உட்கார்ந்திருந்தேன். வந்தது, அம்மா இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. தம்பிக்கு அது பால் குடிக்கும் நேரம். காலையில் அப்பா கொடுத்த டப்பாப் பால் எந்த மூலைக்கு? முதலில் சிணுங்கினான். பிறகு கையைச் சப்பினான். பிறகு உச்சஸ்தாயியில் ஆரம்பித்தான் பாருங்கள், பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. ஆட்டினேன், தட்டினேன், ஞாயிறு பள்ளியில் படித்த பாட்டையெல்லாம் பாடினேன். அவன் என் பாட்டை மதித்ததே கிடையாது.

வீட்டுக்குப் போய்விடலாம் என்றால் வாசலில் டிக்கெட் கலெக்டர் நின்றார். அப்பா என்னிடம் தர மறந்த பிளாட்பாரம் டிக்கெட் அவர் சட்டைப் பையில் பாண்டுப்புக்குப் போய்விட்டது. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் போலீஸ் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். போலீஸ் வந்தால் அப்பாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்தால் தம்பி ஊருக்குப் போவான். இந்த மூன்றும் என் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தன. அந்த மனிதர் இரண்டு தடவை எங்கள் பக்கம் நடந்து வந்தார். இரண்டு தடவையும் நான் படிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு தம்பியின் வாயில் என் விரலை வைத்தேன். அவன் அதை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, ஏமாற்றிவிட்டாயே என்பதுபோல் இன்னும் சத்தமாக அழுதான். நானும் அழுதேன்.

எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. திடீரென்று தம்பி அழுகையை நிறுத்திவிட்டான். தலை என் தோளில் துவண்டு சாய்ந்தது. தூங்குகிறானா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அந்த மீன்காரப் பெண் வந்தாள். கால்களுக்கிடையே வாங்கிப் பின்னால் செருகிக் காஷ்டா கட்டிய சேலை, காலிக் கூடை. மராட்டியில் என்னவோ கேட்டாள். நான் தலையை ஆட்டி, பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை. என் கையை விலக்கித் தம்பியைத் தூக்கிக்கொண்டாள், அவ்வளவுதான். நான் கத்தினேன். அவள் சட்டை செய்யாமல் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, ரயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தம்பியை மார்போடு அணைத்துப் பால் கொடுக்கத் தொடங்கினாள். வீட்டில் அவளுக்கும் ஒரு கைப்பிள்ளை இருந்திருக்கவேண்டும். தம்பி கண்ணைத் திறக்காமலே குடித்தான். நான் அவள் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடக்கூடாதல்லவா. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் போகவேண்டிய ரயில்கள் வந்து வந்து போயின, அவள் எழுந்திருக்கவில்லை. இனிமேல் தம்பி ஆயுசுக்கும் மீன் வாடை அடிப்பானே, அப்பாவிடம் என்ன சொல்வது என்பதுதான் என் கவலை.

ஐந்து மணி வாக்கில் அம்மா வந்தாள். ஓடி வந்தாள். தொப்பியைக் கழற்றக்கூட இல்லை. வெள்ளை ரவிக்கையின் முன்பக்கம் முழுவதும் நனைந்திருந்தது. மழை என்று நினைத்தேன்.

"யாருட்டட்டி குடுத்த பிள்ளைய?" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகுதான் அந்தப் பெண் செய்துகொண்டிருந்ததைப் பார்த்தாள். அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மீன்காரப் பெண் தம்பியை அம்மா மடியில் போட்டுவிட்டு மராட்டியில் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டபடி அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். நடந்தது இதுதான். இரண்டு மணிக்கு அம்மாவை மாற்றிவிட வரவேண்டிய நர்ஸ் வரவில்லை. அடுத்த ஆள் வந்து பொறுப்பேற்காமல் வார்டைவிட்டு வெளியே கால் வைக்க முடியாது, அது அங்கே சட்டம். உள்ளே மூன்று பேர் பிரசவ வலியில் இருந்தார்கள். அந்த மூன்று பிள்ளைகளும் பிறந்து, மாற்று ஆள் வந்து சேர்கிறவரை அம்மா அங்கே நின்றாள், மார்பில் பால் கட்டி வலிக்க வலிக்க.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அம்மா நின்று என் தாடையைப் பிடித்தாள்.

"ஏட்டி, அப்பாட்ட மூச்சு விடப்படாது, கேட்டியா? பெரியப்பாட்டயும்தான். யாரு கேட்டாலும் வீட்டுல ஒரு கஷ்டமும் இல்ல, நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லணும். சொல்லுவியா?"

சொல்லாமல் என்ன! அன்று ராத்திரி அப்பா வந்து, தம்பி ஸ்டேஷனில் படுத்தினானா என்று கேட்டபோது ஒப்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்து ஓரக்கண்ணால் பார்த்தபடி கேட்டபோதும் ஒப்பித்தேன். பெரியப்பா தீர்ப்புச் சொல்லாமலே குர்லாவுக்குத் திரும்பிப் போனார். என் பொய்யினால் தம்பி வீட்டில் இருக்கிறான் என்று எனக்கு ஒரே மிதப்பு. எனக்கு அப்போதே வாய் அதிகம்.

அடுத்து வந்த வியாழக்கிழமை அம்மாவுக்கு லீவு. தம்பிக்கு அம்மை குத்தவேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். ரயிலில் அவள் உதடு அசைந்துகொண்டே வந்தது. ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மேட்ரனிடம் சொல்லவேண்டியதை இந்தியிலும் இங்கிலீஷிலும் சேர்த்து மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள் என்பது பிற்பாடு தெரிந்தது. அம்மாவுக்கு வார்டு இங்கிலீஷ் வரும், மருந்துப் பெயரும் ஜுரக் கணக்கும் வரும். மன்றாடுகிற பாஷைதான் தமிழைத் தவிர எதிலும் வராது. எனக்கு நேர்மாறு. சந்தில் விளையாடிக் கற்ற இந்தி, தமிழைவிட வேகமாக வரும்.

மேட்ரன் உயரமான அம்மாள். நெஞ்சில் ஒரு சின்னக் கடிகாரத்தைத் தலைகீழாகக் குத்தியிருந்தார். மேஜையில் உபதேசியார் எழுதிய மனு இருந்தது. அம்மா உட்காரவில்லை. "மேடம், தட் டே ரிலீவர் நாட் கம்மிங்... மை பேபி, ஸ்டேஷன்..." என்று ஆரம்பித்தாள். அடுத்த வார்த்தை வரவில்லை. மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி அதே இடத்தில் நின்றது.

மேட்ரன் பொறுமையாகத்தான் இருந்தார். அம்மா அழப்போகிறாள் என்று கண்டோ என்னவோ, பார்வையை அவளிடமிருந்து எடுத்து என் பக்கம் திருப்பினார். அம்மா டியூட்டியில் இருக்கும்போது தம்பியை யார் பார்த்துக்கொள்கிறார்கள், வீட்டில் ஏதாவது கஷ்டமா என்று இந்தியில் என்னைக் கேட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் உஷாராகிவிட்டது. இவரும் கேட்கிறார்! அப்பா, பெரியப்பா வரிசையில் இவர் மூன்றாவது ஆள், அதிலும் இவர்தான் எல்லாருக்கும் பெரிய ஆள் என்று புரிந்துபோயிற்று. கால்களைச் சேர்த்து நின்றேன்.

"கோயீ தக்லீஃப் நஹீன், மேடம்" என்றேன். ஒரு கஷ்டமும் இல்லை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அம்மாவுக்கு லேட்டானால் என்ன செய்வாய் என்று அவர் கேட்டார். லேட்டானாலும் பரவாயில்லை, எத்தனை மணி நேரமானாலும் வைத்துக்கொள்வேன், தம்பி அழவே மாட்டான் என்று அளந்தேன். அந்தப் பயலாவது அழுது தொலைத்திருக்கலாம். மேட்ரன் நெஞ்சில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"நோ மேடம்... ஷி இஸ் சைல்ட், ஷி..." என்றாள் அம்மா.

மேட்ரன் கையை உயர்த்தினார். அவர் முகமே மாறியிருந்தது. இந்த வயதில் தானும் மூன்று தம்பிகளை வளர்த்தவள் என்று என்னிடம் இந்தியில் சொன்னார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. இழுப்பறையைத் திறந்து எனக்கு ஒரு பெப்பர்மிண்ட் கொடுத்தார். பிறகு அம்மாவிடம், இங்கே காலை டியூட்டி கேட்டு இன்னும் பல மனுக்கள் இருக்கின்றன, அந்த வீடுகளில் இப்படி ஒரு பெண் இல்லை, நீ அதிர்ஷ்டக்காரி என்று சொல்லி மனுவின் மூலையில் ஒரு வரி எழுதி மடித்தார்.

அம்மாவுக்கு இந்தி பேசத்தான் வராது, புரியும். அந்த அறையில் அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். திரும்பும்போது ரயிலில் பெப்பர்மிண்டைச் சப்பியபடி, "நல்லாச் சொன்னேம்லா?" என்று கேட்டேன். அவள் என் தலையைத் தன் பக்கம் இழுத்துச் சாய்த்துக்கொண்டு, "ஆமாட்டி, நல்லாத்தான் சொன்ன" என்றாள்.

சனிக்கிழமை லிஸ்ட்டில் அம்மாவுக்கு மத்தியான டியூட்டி வந்தது. அதற்கடுத்த வாரமும் அதுவே. நான் ஏழு மணி நேரம் தம்பியை வைத்துக்கொண்டு அறைக்குள் இருந்தேன். இரண்டாவது வாரம் அவன் கட்டிலிலிருந்து விழுந்து நெற்றி வீங்கியதை எந்தப் பொய்யாலும் மறைக்க முடியவில்லை. பெரியப்பா வந்தார், தீர்ப்பு வந்தது. இந்தத் தடவை அம்மா பாத்திரத்தை நங்கென்று வைக்கவில்லை. வேலையை விட்டுவிடேன் என்று அப்பாவே மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். அம்மா, ஊரில் தன் அப்பாவுக்கு மாதாமாதம் மருந்து வாங்க யார் அனுப்புவது என்று மட்டும் கேட்டாள். அதோடு பேச்சு முடிந்தது.

சித்தியும் சித்தப்பாவும் வந்தார்கள். தாதர் ஸ்டேஷனில் மெட்ராஸ் போகிற ரயிலின் ஜன்னல் வழியாக அம்மா தம்பியைக் கொடுத்தாள். சித்தி வாங்கிக்கொண்டபோது கொடுக்கிற கை உடனே விடவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா பழைய சேலையைக் கிழித்து மார்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள். நான்காம் நாள் டியூட்டிக்குப் போனாள். நான் சந்தில் விளையாடப் போனேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கு அந்த வாரம் சந்தோஷமாக இருந்தது. இடுப்பில் பிள்ளை இல்லாமல் ஓட முடிந்தது.

வருஷத்தில் திரும்பிவிடுவான் என்றார்கள். வருஷம் ஐந்தாயிற்று. ஒரு மே மாதம் சித்தி அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சித்தியின் சேலைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். "போல, போய் முத்தம் குடு" என்று சித்தி தள்ளிவிட்டாள். அவன் நாலடி வந்து நின்று, நல்ல பிள்ளையாகக் கைகூப்பி, "ஸ்தோத்திரம் பெரியம்மா" என்றான்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "ஏல கிறுக்கா, அது அம்மால!" என்றேன். சித்தி முகம் செத்துப்போயிற்று. அம்மா என்னை அதட்டினாள், "சும்மா கெடட்டி." பிறகு குனிந்து அவன் கைகளைப் பிடித்து, "ஆமாய்யா, பெரியம்மாதான். சாப்பிட வா" என்று உள்ளே கூட்டிப் போனாள்.

பதின்மூன்று வயதுக்குப் புரிந்திருக்க வேண்டும், புரியவில்லை. மேட்ரன் அறையில் நான் பேசியதைப் பற்றி அம்மா சாகிறவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டவில்லை, குத்திக் காட்டவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. அதனால் அன்று நான் சொன்னதுதான் சரியான பதில் என்று, எனக்கே ஒரு பிள்ளை பிறந்து காலை டியூட்டி கேட்டு நான் ஒரு மேஜை முன்னால் நிற்கிறவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.